மலிவான உல்லாசக் கப்பல்களுக்குக் கெட்ட பெயர் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கோடை விடுமுறை என்றதும் கால்வெஸ்டன் துறைமுகம் நினைவுக்கு வந்துவிடுகிறது. ஹூஸ்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் கப்பல் ஏறிவிடலாம். தங்கும் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, பிள்ளைகளுக்கு விளையாட்டு என எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் விமானத்தில் எங்காவது போய் ஓட்டலில் தங்குவதைவிடச் செலவு குறைவு. இருந்தும் பயணச்சீட்டு எடுக்கும் நேரத்தில், "கார்னிவல் கப்பலா? அதில் போகலாமா?" என்ற தயக்கம் அவர்களுக்கு வருகிறது. சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் பல ஆண்டுகள் பொறியாளராக இருந்தவன் என்பதால் அந்தக் கேள்வி என்னிடமும் வந்து சேர்கிறது. அவர்களுடைய தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் இரண்டு வெவ்வேறு பழிகள் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கின்றன. மலிவான கப்பலில் எப்படிப்பட்ட மனிதர்கள் வருவார்கள் என்பது ஒன்று. நடுக்கடலில் அந்தக் கப்பல் நம்மைக் கைவிடுமா என்பது மற்றொன்று. முதல் பெயரை அந்த நிறுவனம் விரும்பியே தேடிக்கொண்டது. இரண்டாவது பெயர் எஞ்சின் அறையிலிருந்து வந்தது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் பயணிகளும் ஏமாறுகிறார்கள், கேட்க வேண்டிய கேள்வியும் கேட்கப்படாமல் போகிறது என்பதே என் கருத்து.

கார்னிவல் நிறுவனத்தின் தொடக்கமே நல்ல சகுனத்தோடு அமையவில்லை. அதை நிறுவிய டெட் அரிசன், 1961-இல் கட்டப்பட்ட 'எம்ப்ரஸ் ஆஃப் கனடா' என்ற பழைய அட்லாண்டிக் பயணிகள் கப்பலை வாங்கி, 'மார்டி கிரா' என்று பெயர் மாற்றி, 1972 மார்ச் 11 அன்று மயாமியிலிருந்து முதல் பயணத்துக்கு அனுப்பினார். துறைமுக வாயிலைத் தாண்டியதும் கப்பல் மணல்திட்டில் தரைதட்டி, ஏறத்தாழ ஒரு நாள் மயாமி கடற்கரையிலிருந்து எல்லோரும் பார்க்கும்படி நின்றது. கப்பலில் இருந்தவர்களில் சுமார் 300 பேர் பயண முகவர்கள். அந்தக் காலத்தில் உல்லாசக் கப்பலின் பயணச்சீட்டுகளை விற்றுத் தரவேண்டியவர்களே அவர்கள்தாம். இரண்டே ஆண்டுகளில் நிறுவனம் கடனில் மூழ்க, 1974-இல் அரிசன் தம் கூட்டாளிகளின் பங்கை ஒரே ஒரு டாலருக்கு வாங்கி, சுமார் 50 இலட்சம் டாலர் கடனைத் தாம் ஏற்றுக்கொண்டார்.

அங்கிருந்து அந்த நிறுவனம் எழுந்து நின்றதற்குக் காரணம், மற்ற நிறுவனங்கள் எதைக் கௌரவம் என்று கருதினவோ அதை அது துணிந்து கைவிட்டதுதான். கடற்பயணம் என்றால் வசதி படைத்த முதியவர்கள் கோட்டும் சூட்டும் அணிந்து இரவு விருந்துக்கு அமர்வது என்றிருந்த காலம் அது. 1973-க்குப் பிறகு எரிபொருள் விலை ஏறியது. பழைய நீராவிக் கப்பலை வேகமாக ஓட்டிப் பல துறைமுகங்களுக்குக் கொண்டுபோவது கட்டுப்படியாகவில்லை. மெதுவாக ஓட்டி, குறைவான துறைமுகங்களைத் தொட்டு, கப்பலுக்குள்ளேயே கேசினோ, இசைக்குழு, நடனம், நள்ளிரவு உணவு என்று நிரப்பினார்கள். விற்பனைப் பொறுப்பில் இருந்த பாப் டிக்கின்சன் இந்தக் கட்டாயத்தையே விளம்பரமாக்கி, 'கொண்டாட்டக் கப்பல்' என்ற அடையாளத்தை நிலைநிறுத்தினார். துறைமுகத்தைப் பார்ப்பதற்காகக் கப்பலில் போகவேண்டியதில்லை, கப்பலுக்காகவே கப்பலில் போகலாம் என்பது அதன் பொருள். மூன்று நாள், நான்கு நாள் பயணங்கள் வந்தன. வாரச் சம்பளக்காரர்களும் இளம் தம்பதிகளும் முதல் தடவையாகக் கடலுக்கு வந்தார்கள். 1984-இல் பாட்டும் ஆட்டமுமாகத் தொலைக்காட்சி விளம்பரங்கள் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தன.

கூச்சல், குடி, கூட்டம் என்ற பெயர் அப்போது வந்ததுதான். அதில் உண்மை இல்லாமலில்லை. சீட்டு விலையைக் குறைத்துக் கேபின்களை நிரப்புவது, பிறகு மதுக்கூடத்திலும் கேசினோவிலும் கரைச் சுற்றுலாவிலும் வருமானம் பார்ப்பது என்பது இந்த வணிகத்தின் அடிப்படைக் கணக்கு. ஆகவே கப்பலுக்குள் ஆரவாரம் இருக்கவேண்டும் என்பது நிறுவனத்தின் தேவையும்கூட. ஆனால் அந்தப் பெயருக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. அதுவரை கடலைத் தங்களுக்கு மட்டும் உரியதாகக் கருதியிருந்தவர்கள், புதிதாக வந்தவர்களைப் பார்த்து முகம் சுளித்ததும் அதில் சேர்ந்தே இருக்கிறது. லாரி ஓட்டுநரும் மருத்துவமனைச் செவிலியரும் குடும்பத்தோடு கரீபியக் கடலைப் பார்க்க முடிந்ததை நான் ஒரு நல்ல மாற்றமாகவே எண்ணுகிறேன். அவர்கள் கொடுத்த பணம் சேர்ந்து, 1987-இல் நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தது. 1989-இல் ஹாலந்து அமெரிக்கா, 1998-இல் கியூனார்ட், 2003-இல் பி அண்ட் ஓ பிரின்சஸ் என்று மதிப்புமிக்க பழைய பெயர்கள் ஒவ்வொன்றாக அந்தக் குழுமத்துக்குள் வந்து சேர்ந்தன. கியூனார்டுக்காகக் குயின் மேரி 2 என்ற ஆடம்பரக் கப்பலைக் கட்டியதும் கொண்டாட்டக் கப்பல்களை வளர்த்த அதே குழுமம்தான்.

மலிவு என்பதை எங்கே காட்டக்கூடாது என்பதைக் கார்னிவல் அறிந்திருந்தது. சாப்பாட்டில் அது கை வைக்கவில்லை. தட்டு நிறைய, எந்த நேரமும் கிடைக்கும்படி வைத்திருந்தது. இதற்கு மாறாக, மலிவு விமான நிறுவனத்தை நடத்திப் பெயர்பெற்ற ஸ்டெலியோஸ் 2005-இல் ஈஸிக்ரூஸ் என்ற கப்பலைத் தொடங்கியபோது, ஆரஞ்சு நிறம் பூசிய அந்தச் சிறு கப்பலில் படுக்கை மட்டுமே சீட்டுக்குள் அடங்கியது. சாப்பாட்டுக்குத் தனிக் காசு, அறையைத் துப்புரவு செய்யத் தனிக் காசு. விமானத்தில் இரண்டு மணி நேரம் பொறுத்துக்கொள்ளும் சிக்கனத்தைக் கடலில் நாள் முழுவதும் பொறுத்துக்கொள்ள முடியாது. ஆரஞ்சு நிறத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், வசதிகளைக் கூட்டிப் பார்த்தார்கள். 2009-இல் அது ஒரு கிரேக்க நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

இப்போது இரண்டாவது பெயருக்கு வருகிறேன்.

2013 பிப்ரவரி 7 அன்று கார்னிவல் ட்ரையம்ஃப் என்ற கப்பல் நான்கு நாள் பயணமாகக் கால்வெஸ்டனிலிருந்து மெக்சிகோவின் கோசுமெல் தீவுக்குப் போனது. பயணிகளும் ஊழியர்களுமாக 4,200-க்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். திரும்பும் வழியில், பிப்ரவரி 10 அதிகாலையில், யுகாட்டான் கரையிலிருந்து சுமார் 150 மைல் தொலைவில் பின்புற எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. ஆறாவது டீசல் ஜெனரேட்டருக்கான எரிபொருள் திரும்பும் குழாயில் ஏற்பட்ட கசிவு சூடான பகுதியில் பட்டதே காரணம். தானியங்கித் தீயணைப்பு அமைப்பு தீயை அணைத்துவிட்டது, யாருக்கும் காயமில்லை. எஞ்சின் அறையில் வேலை பார்த்தவனாகச் சொல்கிறேன், அந்த அளவுக்கு அது திறமையாகக் கையாளப்பட்ட விபத்து. எரிபொருள் கசிந்து எழும் தீயில் உயிர்ச்சேதமில்லாமல் மீள்வது எளிதான காரியமன்று.

ஆனால் அந்தக் கணத்திலிருந்து கப்பலுக்கு மின்சாரம் இல்லை. இன்றைய உல்லாசக் கப்பல் முழுக்க முழுக்க மின்சாரத்தில் உயிர்வாழ்கிறது. டீசல் எஞ்சின்கள் நேரடியாகச் சுழல்விசிறியை ஓட்டுவதில்லை. அவை மின்சாரத்தை உண்டாக்குகின்றன, அந்த மின்சாரமே கப்பலை ஓட்டுகிறது, கடல்நீரைக் குடிநீராக்குகிறது, காற்றைக் குளிரூட்டுகிறது, உணவைக் கெடாமல் காக்கிறது. கழிப்பறைகளும் வெற்றிடக் குழாய்களால் கழிவை உறிஞ்சி இழுப்பவையே. மின்சாரம் நின்றால் அவையும் நிற்கும். முன்புற எஞ்சின் அறையின் ஜெனரேட்டர்களைத் தீ தொடவில்லை. ஆயினும் மின்சாரத்தைக் கப்பல் முழுவதும் கொண்டுசெல்லும் பாதையில் ஏற்பட்ட சேதத்தால் அவற்றைக்கொண்டு கப்பலை இயக்க முடியவில்லை. அவசரகால ஜெனரேட்டர் என்பது விளக்கு, தகவல்தொடர்பு, தீயணைப்பு போன்ற அத்தியாவசியங்களுக்கானது. 4,200 பேரின் அன்றாட வாழ்வைத் தாங்க அது வடிவமைக்கப்படவில்லை.

அடுத்த நான்கு நாட்கள் உலகமே அறிந்தவை. முதலில் மெக்சிகோவின் ப்ரோக்ரெசோ துறைமுகத்துக்கு இழுத்துப்போவதாக இருந்தது. நீரோட்டம் கப்பலை வடக்கே தள்ளிவிட்டதால் அலபாமா மாநிலத்தின் மொபைல் துறைமுகத்துக்குத் திட்டம் மாறியது. அறைகளுக்குள் இருக்க முடியாத பயணிகள் படுக்கை விரிப்புகளைக் கூடாரமாகக் கட்டி மேல்தளத்தில் படுத்தார்கள். மலம் கழிக்கச் சிவப்புப் பிளாஸ்டிக் பைகள் கொடுக்கப்பட்டன. சில தாழ்வாரங்களில் கழிவுநீர் பரவியது. எப்போதும் நிறைந்திருந்த தட்டில் வெங்காயம் வைத்த ரொட்டி வந்தது, அதற்கும் நீண்ட வரிசை. உணவு கொண்டுவந்து கொடுக்க அதே நிறுவனத்தின் வேறு கப்பல்கள் அருகில் வந்தபோது, அவற்றின் இணையத் தொடர்பைப் பிடித்துப் பயணிகள் தங்கள் நிலையைக் கரைக்குத் தெரிவித்தார்கள். பிப்ரவரி 14 அன்று கப்பல் இழுத்துவரப்பட்ட காட்சியைச் செய்தித் தொலைக்காட்சிகள் மணிக்கணக்கில் நேரலையாகக் காட்டின. வழியில் இழுவைக் கயிறு ஒருமுறை அறுந்தும் போனது. இறங்கிவந்த பயணிகளில் பலர் நிறுவனத்தைத் திட்டினாலும் ஊழியர்களைப் பாராட்டினார்கள் என்பதை மறக்காமல் குறிப்பிட விரும்புகிறேன். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வந்து குறைந்த ஊதியத்தில் வேலை பார்க்கும் அந்த மனிதர்களே, அந்த நான்கு நாட்களும் கழிவை அள்ளினார்கள்.

இது முதல் தடவையாக இருந்திருந்தால் நிறுவனம் எளிதில் தப்பியிருக்கும். ஆனால் 2010 நவம்பரில் கார்னிவல் ஸ்ப்ளென்டர் கப்பல் இதேபோல் எஞ்சின் அறைத் தீயில் மின்சாரத்தை இழந்து, மெக்சிகோவின் பசிபிக் கரைக்கு அப்பால் மிதந்து, சான் டியேகோவுக்கு இழுத்துவரப்பட்டிருந்தது. அப்போது அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றின் ஹெலிகாப்டர்கள் உணவுப் பொருள்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. 2012 ஜனவரியில் இதே குழுமத்தின் கோஸ்டா கான்கார்டியா இத்தாலியில் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். ட்ரையம்ஃப் கரைசேர்ந்த அடுத்த மாதமே கார்னிவல் ட்ரீம் கப்பல் ஜெனரேட்டர் கோளாறால் கரீபியத் துறைமுகத்தில் நின்றுவிட, பயணிகளை விமானத்தில் திருப்பியனுப்ப வேண்டியதாயிற்று. தனித்தனிக் காரணங்களைக் கொண்ட இந்த நிகழ்வுகள் பொதுமக்கள் மனத்தில் ஒரே கதையாக இணைந்தன. மலிவு விலை என்றால் பராமரிப்பும் மலிவு என்ற முடிவுக்கு அவர்கள் வந்ததில் வியப்பில்லை.

அந்த முடிவு முழு உண்மையன்று. ஓர் எஞ்சின் அறை முழுவதும் எரிந்துபோனாலும் கப்பல் தன் சொந்த விசையில் துறைமுகம் திரும்ப வேண்டும், அதுவரை பயணிகளுக்குப் பாதுகாப்பான பகுதிகளில் கழிப்பறை, குடிநீர், உணவு, காற்றோட்டம் ஆகியவை இயங்க வேண்டும் என்று பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கை கூறுகிறது. ஆனால் அந்த விதி 2010 ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு அடிமரம் இடப்பட்ட, அதாவது கட்டத் தொடங்கிய, பெரிய பயணிகள் கப்பல்களுக்கு மட்டுமே பொருந்தும். ட்ரையம்ஃப் 1999-இல் கட்டி முடிக்கப்பட்டது, ஸ்ப்ளென்டர் 2008-இல். விலை உயர்ந்த நிறுவனங்களிடமும் அந்த வயதில் ஏராளமான கப்பல்கள் இருந்தன. 2012 மார்ச்சில் உயர்தரப் பயணங்களை நடத்தும் அசமாரா க்வெஸ்ட் கப்பலும் எஞ்சின் அறைத் தீயால் மலேசியாவின் சபா கரையில் பயணத்தை முடிக்க நேர்ந்தது. கப்பலின் வடிவமைப்பு எந்த விதிகளின் காலத்தைச் சேர்ந்தது என்பதைச் சீட்டின் விலை சொல்வதில்லை.

விபத்தைவிட நிறுவனத்தின் பதில்களே அந்தப் பெயரை ஆழமாக ஊன்றின. தலைவர் கெர்ரி காஹில் கப்பலுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். முழுப் பணமும் திரும்பக் கிடைத்தது, மேலே 500 டாலரும் தரப்பட்டது. ஆனால் குழுமத்தின் தலைமைச் செயல் அதிகாரியும் நிறுவனரின் மகனுமான மிக்கி அரிசன், கப்பல் மிதந்துகொண்டிருந்த அதே நாட்களில் தமக்குச் சொந்தமான மயாமி ஹீட் கூடைப்பந்து அணியின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது எல்லோர் கண்ணிலும் பட்டது. கடலோரக் காவல் படையும் கடற்படையும் செய்த செலவைத் திருப்பித் தருமா என்று செனட்டர் ஜே ராக்ஃபெல்லர் கேட்டபோது, கடலில் ஆபத்தில் இருப்பவர்க்கு உதவுவது எல்லோருடைய கடமை என்ற பழைய மரபைச் சுட்டி நிறுவனம் முதலில் நழுவியது. எதிர்ப்பு வலுத்த பிறகே, ஏப்ரலில், 40 இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட அந்தத் தொகையைத் தர ஒப்புக்கொண்டது. வழக்கில் அதன் வழக்கறிஞர்கள், பயணச்சீட்டு ஒப்பந்தம் பாதுகாப்பான பயணத்துக்கோ கடலோட்டத்துக்குத் தகுதியான கப்பலுக்கோ உத்தரவாதம் அளிக்கவில்லை என்று வாதாடினார்கள். சட்டப்படி அது சரியான வாதமாக இருக்கலாம். குழந்தைகளோடு கப்பல் ஏறுகிற ஒருவரிடம் சொல்லத்தக்க வார்த்தை அன்று அது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிகழ்ச்சி அடுத்த சில மாதங்களிலேயே கிடைத்தது. 2013 மே 27 அதிகாலையில் ராயல் கரீபியன் நிறுவனத்தின் கிராண்டியர் ஆஃப் த சீஸ் கப்பலின் பின்புறத்தில் தீப்பிடித்தது. பின்தளங்கள் கருகிய படங்கள் அச்சுறுத்துவதாகவே இருந்தன. நிறுவனத்தின் தலைவர் ஆடம் கோல்ட்ஸ்டீன் உடனே பஹாமாவின் ஃப்ரீபோர்ட்டுக்குப் பறந்துபோய்ப் பயணிகளை நேரில் சந்தித்தார். சேதத்தின் படங்களை நிறுவனமே வெளியிட்டது. பத்திரிகைகள் பாராட்டின. அந்தப் பாராட்டு நியாயம்தான் என்றாலும் முக்கிய வேறுபாடு ஒன்று உண்டு: அந்தக் கப்பலின் எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன, மின்சாரம் இருந்தது, தன் விசையிலேயே அது துறைமுகம் சேர்ந்தது.

கார்னிவல் அந்தப் பெயரிலிருந்து மீண்ட விதத்தைப் பற்றி விளம்பரத் துறையினர் நிறையப் பேசுகிறார்கள். பிடிக்காவிட்டால் 110 விழுக்காடு பணம் திருப்பித் தரப்படும் என்ற உறுதி, 2013 ஜூலையில் ஆர்னால்ட் டொனால்ட் தலைமைச் செயல் அதிகாரியானது, 2015 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌல் ஆட்டத்தின் நடுவே முன்னாள் அதிபர் கென்னடியின் குரலில் கடலைப் பற்றிய உரையை வைத்துக் குழுமம் வெளியிட்ட விளம்பரம் ஆகியவற்றை அவர்கள் அடுக்குவார்கள். இவற்றுக்குப் பங்கில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் 2013 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட வேறொரு செயலுக்கே நான் முதலிடம் தருவேன். தன் 24 கப்பல்களிலும் 30 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு, கூடுதல் அவசரகால மின்சாரம், மேம்பட்ட தீத்தடுப்பு, எஞ்சின் அறைகளின் மின்பாகங்களில் மாற்றம் ஆகியவற்றைச் செய்வதாக நிறுவனம் அறிவித்தது. ஒரு கப்பலில் மின்சாரம் நின்றாலும் கழிப்பறையும் குடிநீரும் சமையலும் நிற்கக்கூடாது என்பது அதன் நோக்கம். எந்தப் பயணியும் கண்ணால் பார்க்காத, எந்தப் புகைப்படத்திலும் வராத செலவு அது. அவ்வளவு கப்பல்கள் ஆண்டு முழுவதும் போய்த் திரும்பின, இன்னொரு ட்ரையம்ஃப் நிகழவில்லை, செய்தி ஓய்ந்தது. கெட்ட பெயர் தேய்வதற்கு இந்தச் செய்தியற்ற ஆண்டுகளே பெருமளவு காரணம்.

ட்ரையம்ஃப் 2019-இல் 20 கோடி டாலர் செலவில் புதுப்பிக்கப்பட்டு கார்னிவல் சன்ரைஸ் என்ற பெயரோடு திரும்பிவந்தது. பழைய பெயரை மறைக்கச் செய்த தந்திரம் என்று பலர் சொன்னார்கள். ஆனால் அதன் மூத்த சகோதரிக் கப்பலான டெஸ்டினி 2013-இலேயே சன்ஷைன் ஆகியிருந்தது. இளைய கப்பலான விக்டரியும் பின்னர் ரேடியன்ஸ் ஆனது. மூன்றுக்கும் ஒரே வகைப் பெயர் என்பதால், மறைக்கும் எண்ணம் இருந்திருந்தாலும் அது மட்டுமே காரணம் என்று கொள்ள முடியாது. 2021 ஜூலை 31 அன்று திரவ இயற்கை எரிவாயுவில் ஓடும் புதிய கப்பல் ஒன்றைப் போர்ட் கனாவரலில் இருந்து இயக்கத் தொடங்கியபோது, அதற்கு நிறுவனம் வைத்த பெயர் மார்டி கிரா. தரைதட்டிய முதல் கப்பலின் பெயரையே அது மீண்டும் எடுத்துக்கொண்டது.

என் மனத்தை அதிகம் வருத்துவது வேறொன்று. 2013 ஆகஸ்டில், இதே குழுமத்தைச் சேர்ந்த, மதிப்பில் கார்னிவலுக்கு மேலாகக் கருதப்படும் பிரின்சஸ் நிறுவனத்தின் கரீபியன் பிரின்சஸ் கப்பலில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஒருவர், எண்ணெய் கலந்த கழிவுநீரைச் சுத்திகரிப்புக் கருவியைத் தவிர்த்துக் கள்ளக் குழாய் வழியாகக் கடலில் விடுவதைக் கண்டார். பிரிட்டனின் அதிகாரிகளிடம் புகார் செய்துவிட்டு சவுதாம்ப்டனில் வேலையை விட்டு இறங்கினார். விசாரணையில் பல ஆண்டுகளாக அது நடந்துவந்தது தெரிந்தது. 2016 டிசம்பரில் ஏழு குற்றங்களை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் அபராதம் கட்ட நிறுவனம் இசைந்தது. நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்த காலத்திலும் மீறல்கள் தொடர்ந்ததால் 2019-இல் குழுமம் மேலும் 2 கோடி டாலர் கட்டியது. அந்தப் பொறியாளரின் துணிவை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கிறது. எஞ்சின் அறையில் மேலதிகாரியை மீறி உண்மை பேசுவது என்ன விலை கேட்கும் என்பதை நான் அறிவேன். ஆனால் கால்வெஸ்டனில் கப்பல் ஏறத் தயங்குகிற எவரும் இந்த வழக்கைக் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை. பயணியின் மூக்குக்கு எட்டிய கழிவு பத்தாண்டுகள் கடந்தும் பேசப்படுகிறது. கடல் விழுங்கிய கழிவு எந்தப் பெயரையும் கெடுக்கவில்லை.

நடத்தை பற்றிய பழைய பெயர் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை. 2018 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவுக்கு அருகே கார்னிவல் லெஜெண்ட் கப்பலில் அடிதடி மூண்டு, ஒரு கூட்டத்தையே வழியில் இறக்கிவிட்டார்கள். 2022 ஜூனில் கார்னிவல் மேஜிக் கப்பலின் நடனக்கூடச் சண்டை கைப்பேசி வழியாக உலகம் சுற்றியது. இப்போது 17 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் பெரியவர் துணையின்றி நள்ளிரவு ஒரு மணிக்குப் பிறகு பொதுவிடங்களில் திரியக்கூடாது என்ற விதி இருக்கிறது. நிறுவனத்தின் தூதராகப் பணியாற்றும் ஜான் ஹீல்ட் என்பவர் ஃபேஸ்புக்கில் பயணிகளின் குறைகளுக்குத் தினந்தோறும் பதில் எழுதுகிறார். இதில் இதே குழுமத்தைச் சேர்ந்த ஆஸ்திரேலியாவின் பி அண்ட் ஓ நிறுவனத்துக்கு நேர்ந்தது இன்னும் கடுமையானது. 2002-இல் பசிபிக் ஸ்கை கப்பலில் போதைமருந்தால் ஒரு பெண் இறந்ததும், அதன்மீது பின்னர் நடந்த நீண்ட நீதி விசாரணையும் குடிவெறிக் கப்பல் என்ற பெயரை அந்த நிறுவனத்தின்மேல் பதித்தன. பள்ளிப் படிப்பை முடித்த இளையோருக்கான கொண்டாட்டப் பயணங்களை அது நிறுத்தியது, கண்காணிப்பைக் கூட்டியது, மெல்ல மீண்டது. 2025 மார்ச்சில் அந்தப் பெயர் ஆஸ்திரேலியாவில் முடிவுக்கு வந்தது. எஞ்சிய கப்பல்கள் கார்னிவல் என்ற பெயரின்கீழ் வந்தன. 1932-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து உல்லாசப் பயணங்களைத் தொடங்கிய ஒரு மரபுப் பெயரைவிட, ஒரு காலத்தில் ஏளனம் செய்யப்பட்ட பெயருக்குச் சந்தையில் மதிப்பு கூடிவிட்டது.

ஆனாலும் பழையது முற்றிலும் அழிவதில்லை. 2025 ஜூனில் நெட்ஃபிளிக்ஸ் ட்ரையம்ஃப் நிகழ்வை ஆவணப்படமாக வெளியிட்டபோது, 2013-இல் பிறந்தேயிராத பிள்ளைகள்கூடச் சிவப்புப் பைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

நம் கரைக்கும் இந்தக் கதை வந்துவிட்டது. 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து தொடங்கிய கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல், 1990-இல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில், கார்னிவலின் ஃபேன்டசி கப்பலைப் போலவே மயாமியிலிருந்து மூன்று நாள், நான்கு நாள் மலிவுப் பயணங்களுக்காக ராயல் கரீபியன் இறக்கிய கப்பல். அறிமுகமாகிச் சில வாரங்களிலேயே, 2021 அக்டோபர் 2 அன்று, போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளின் சோதனையும் ஒரு நடிகரின் மகன் கைதானதும் அதன் பெயரை நாடெங்கும் தவறான காரணத்துக்காகக் கொண்டுசேர்த்தன. அந்த மகன்மீது பின்னர் குற்றச்சாட்டே பதியப்படவில்லை. 2022 ஜூனில் சென்னையிலிருந்து முதல்வர் கொடியசைத்து அனுப்பிய பயணத்தில், சூதாட்டம் பற்றிய எதிர்ப்பால் புதுச்சேரி அதற்கு இடம் தரவில்லை. 2023 ஜூனில் அதே கப்பல் காங்கேசன்துறைக்குப் போனபோது யாழ்ப்பாணத்தில் அதற்கு வரவேற்பு இருந்தது. மும்பையிலும் புதுச்சேரியிலும் பேச்சு முழுவதும் கப்பலுக்குள் யார் குடிக்கிறார்கள், யார் சூதாடுகிறார்கள் என்பதைச் சுற்றியே இருந்தது.

எம்ப்ரஸ் கட்டப்பட்ட ஆண்டு 1990. அடுத்து கார்டீலியா வாடகைக்கு எடுப்பதாக அறிவித்திருக்கும் நார்வீஜியன் ஸ்கை 1999-இல் கட்டப்பட்டது, நார்வீஜியன் சன் 2001-இல். மூன்றும் 2010 விதிக்கு முற்பட்டவை. பழைய கப்பல் என்பதாலேயே ஆபத்து என்று நான் சொல்லவரவில்லை. நன்றாகப் பராமரிக்கப்பட்ட பழைய கப்பல்களில் நானே நிம்மதியாக வேலை பார்த்திருக்கிறேன். ஓர் எஞ்சின் அறையை இழந்தால் இந்தக் கப்பல்களில் எந்தெந்த வசதிகள் எத்தனை மணி நேரம் இயங்கும், கார்னிவல் 2013-க்குப் பிறகு செய்ததைப்போன்ற கூடுதல் மின் ஏற்பாடு இவற்றில் உண்டா, உணவும் குடிநீரும் எத்தனை நாட்களுக்குக் கையிருப்பில் இருக்கும் என்பவற்றை நிறுவனம் தன் இணையதளத்தில் எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்பது என் விருப்பம். சென்னையில் சீட்டு எடுக்கும் குடும்பங்களும் கேசினோ உண்டா என்று விசாரிக்கும்போது இதையும் சேர்த்துக் கேட்கலாம்.